காலு உன்னுது, யோசனை ஊருது

வாடா மாப்ளே, திண்ணையில ஏறு. காலைத் தொங்கப் போடாத, தூக்கி நீட்டி வையி. பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டு, மாமன் பாக்குறேன். அடேங்கப்பா! கெண்டைக்கால்ல வெரிகோஸ் ரத்தக்குழாய் முறுக்கிக்கினு நிக்குதே! இத்த வச்சுக்கினு எத்தினி மாசமாடா யோசிக்கிற? உன் கல்யாணத்துக்கே நீ இவ்ளோ யோசிக்கலியே. யோசிச்சிருந்தா என் பொண்ணு தப்பிச்சிருப்பா.

கோடி வீட்டு ஆயா வேப்பெண்ணெய் தடவச் சொல்லிச்சு, தடவின. பஸ்ல பக்கத்துல குந்தினவன் இறுக்கமான சாக்ஸ் போடச் சொன்னான். வாங்கின, பீரோவுல வச்சுப் பூட்டின. செல்போன்ல ஒருத்தன் லேசர் லேசர்னு கூவுறான், அத்த மட்டும் தெனம் பாக்குற. பாத்தே சரியாப்பூடும்னா, நான் பாத்த சினிமாவுக்கு இந்நேரம் எம்ஜிஆர் ஆயிருக்கணும்.

காலுக்கு வந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்ப ஏறணும். நடக்கறப்ப கெண்டைச் சதை அமுக்கித் தள்ளும். ஏறினது மறுபடி எறங்காம, ரத்தக்குழாய் உள்ளார வால்வு மூடிக்கும். நம்ம ஏரி மதகுல பலகை உளுத்துப் போனா இன்னா ஆவும்? அதான் உன் காலுலயும். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில காலையில நின்னா ராத்திரி ஷட்டர் எறக்கற வரைக்கும் நிக்கிற. சதைக்கும் வேலயில்ல, வால்வும் ஒழுகுது. மதகு ஒழுகறப்ப கரை மேல வேப்பெண்ணெய் பூசி இன்னாடா பண்றது?

அதனால லேசரா ஆபரேஷனான்னு எங்கிட்ட கேக்காத. மொதல்ல டாப்ளர் ஸ்கேன் எடு. நிக்க வச்சுப் பாக்கச் சொல்லு, ஒழுகறது அப்பதான் தெரியும். எந்தக் குழாய் ஒழுகுது, ஆழத்துல கீற பெரிய குழாய் அடைப்பில்லாம கீதா, ரெண்டும் எழுதி வாங்கு. ஆழத்துல அடைச்சிருந்தா ரத்தம் மேல ஏறுறதுக்கு மேலாப்புல கீற குழாய்தான் வழி. அத்தயும் சுட்டு மூடிட்டா அப்பால யாரைக் கேப்ப? ஸ்கேன் பாக்கறதுக்கு மின்னாடியே தேதி குடுக்கறவன் உன் காலைப் பாக்கல, பாக்கெட்டைப் பாக்குறான்.

மாமனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்கிறியா? பேத்தி நர்சிங் படிக்கிறா. அவ புஸ்தகத்த அவளுக்கு மின்னாடி நான் படிச்சு முடிச்சுட்டேன்.

லேசர், ரேடியோ அலை ரெண்டும் ஒரே வேலைதான். ஊசித் துளை வழியா ஒயரை வுட்டு, சுத்தியும் மரத்துப் போற மருந்து ஏத்தி, குழாயை உள்ளாரருந்தே சுட்டு மூடுறது. பெரும்பாலும் அன்னிக்கே நடந்து வீட்டுக்கு வந்துடலாம். மருந்தை நுரையாக்கி ஊசியில ஏத்தறது ஒண்ணு. பசை வச்சு ஒட்டறதுகூட வந்துட்டுது. கிழிச்சு உருவறது பழைய முறை. இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அமைப்பு 2013-லயே வரிசை சொல்லிட்டுது: மொதல்ல சூடு, ஒத்துவரலன்னா நுரை, அதுவும் ஆவலன்னா அறுவை. வெறும் சாக்ஸ், இது எதுவும் செய்ய முடியாதவங்களுக்கு. 2019-ல வந்த ஆராய்ச்சியில, அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தப்ப நுரை வச்சவங்கள வுட லேசரோ அறுவையோ பண்ணிக்கினவங்க சொகமா இருந்திருக்காங்க. ஆனா திரும்ப வரவே வராதுன்னு எவனாவது சத்தியம் பண்ணா எழுந்து வந்துடு. இன்னொரு குழாய் ஒழுக நாளாவாது.

இன்னா, காலை இழுக்கிற? உள் கணுக்கால் கிட்ட தோல் கறுத்து, சொறிஞ்ச தடம் வேற கீது. இத்த எம் பொண்ணுகிட்டயும் மறைச்சியா? புண்ணு வர்ற எடம் இதுதான்டா. புண்ணு வந்தவங்களுக்குத் துணி இறுக்கிக் கட்டறதோட சீக்கிரமே குழாயையும் மூடினா ஆற 56 நாளு, தள்ளிப் போட்டா 82 நாளுன்னு 2018-ல கணக்கு எடுத்திருக்காங்க. ஏதோ ஒருநாள் குழாய் வெடிச்சு ரத்தம் பீச்சினா, கயித்தக் கட்டாத. படு, காலைத் தூக்கு, துணி வச்சு அமுக்கிப் புடிச்சுக்கினே ஆஸ்பத்திரிக்கு வா.

வைத்தியம் ஆவற வரைக்கும் சாக்ஸை பீரோவுலருந்து எடு. காலுக்கு ரத்தம் ஒழுங்கா எறங்குதான்னு டாக்டர் பாத்தப்புறம், காலையில கட்டில வுட்டு எறங்கறதுக்கு மின்னாடி மாட்டு. வைத்தியச் செலவுக்குன்னு வட்டிக்கு மட்டும் வாங்காத. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில வச்சுக்கினு, எந்த முறைக்கு எவ்ளோ கெடைக்கும்னு மின்னாடியே கேளு. மெட்ராஸ் ஜி.எச்.ல ரத்தநாள அறுவைக்குன்னே தனித் துறை கீது.

இன்னொண்ணு. கடையில உக்கார எடம் குடுக்கணும்னு 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையிலயே மசோதா கொண்டாந்தாங்க. கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு சேத்திருக்குது. ஜவுளிக்கடைப் பொண்ணுங்க போராடி கேரளாவுல 2018-லயே வாங்கிட்டாங்க. எட்டாயிரம் ரூபா புடவைய பன்னெண்டாயிரத்துக்குப் பேசி வித்துடற வாயி, மொதலாளிகிட்ட ஒரு ஸ்டூல் கேக்கக் கூசுதா? தரலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல ஒரு மனு எழுதிப் போடு.

குழாயைச் சுட்டுக்கினு வந்து மறுபடி அதே எடத்துல அசையாம நின்னியானா, அந்தக் காசு டாக்டர் வீட்டு மாடிக்குத்தான். நாளைக்கு டாப்ளர், நாளான்னிக்கு ஸ்டூல். ரெண்டையும் முடிச்சுட்டு வா, லேசரைப் பத்தி அப்பால பேசலாம்.