கைதட்டினால் போதுமே

2015-இல் தமிழக அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது வாக்கு. நாடித்துடிப்பை நொடி பிசகாமல் எண்ணுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டை எண்ணுவதில்தான் திணறிப்போனார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள்.

2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்றது. உலகில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்றும் சொன்னது. நாம் சும்மா இருப்போமா? கொரோனாவோடு போராடுகிறவர்களுக்கு நன்றி என்று மார்ச் 22 மாலை மொட்டை மாடியில் ஏறித் தட்டைத் தட்டினோம். தட்டு நசுங்கியது, பற்றாக்குறை அப்படியே இருந்தது.

தமிழகத்தில் கொரோனாவுக்கென ஒப்பந்தத்தில் வந்த செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது. மறுநாள் புத்தாண்டு, வாழ்த்துச் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

இப்போது நம் சிஸ்டர்கள் ஜெர்மன் படிக்கிறார்கள். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே பயிற்சி தருகிறது. கடினமான மொழிதான். ஆனால் அந்த மொழியில் ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்குப் பொருளும் இருக்கிறதாம்.