சின்ன வெல்டிங் வேலை

டிராக்டரின் பின்னால் மாட்டி மண் தோண்டும் பேக்ஹோவைப் பழையதாக விற்கும் புரோக்கரிடம் ஒரே பதில்தான் உண்டு: "எந்த டிராக்டருக்கும் சேரும்ணே, சின்ன வெல்டிங் வேலைதான்." மஹிந்திராவில் கழற்றியதை மாஸி பெர்குசனில் மாட்டலாம், ஜாதகப் பொருத்தமெல்லாம் பார்க்க வேண்டியதில்லையாம்.

போல்ட் ஓட்டைகள் அரை அங்குலம் தள்ளி நிற்கும். கேஸ் கட்டர் இருக்கக் கவலை எதற்கு? ஹைட்ராலிக் ஹோஸின் மரை பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் அளவு, டிராக்டரின் மரை மெட்ரிக். நாலு சுற்று ஏறி, இறுகிவிட்டதுபோல் நடிக்கும். பிரஷர் ஏறியதும் பட்டறையில் நிற்கிற அத்தனை பேர் சட்டையிலும் எண்ணெய்.

அசல் வில்லங்கம் சப்ஃபிரேம். தோண்டும்போது வருகிற விசையைப் பின் அச்சிலிருந்து முன்பக்கம் வரை பரப்பத்தான் அந்தச் சட்டம். பழைய வண்டியின் அளவுக்குச் செய்தது, புது வண்டிக்குச் சேராது. "அது எதுக்குண்ணே வெட்டி பாரம்?" என்று கழற்றிப் போட்டுவிட்டு, மூன்று முனை இணைப்பில் மட்டும் தொங்கவிடும் நிபுணர்கள் உண்டு. பக்கெட் பாறையில் மாட்டினால் டிராக்டர் நடுவில் பிளக்கலாம். அதற்கும் வெல்டிங் இருக்கிறதே!

வாங்குகிறவர்களே, உங்கள் வண்டிக்கேற்ற சப்ஃபிரேம் செய்யும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.