தொண்டு செய்ய வந்தவர்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டுகிற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் கிளம்புகிற முதல் கேள்வி, “யார் கிளெரிக்?” உடனே ஒருவர் பென்சில் சீவ ஆரம்பிப்பார். இன்னொருவருக்கு அவசரமாக ஃபோன் வரும். கிளெரிக் என்றால் சாமியிடம் வரம் வாங்கி மந்திரம் போடுகிறவர். அடிபட்டவனுக்கெல்லாம் ஓடி ஓடி வைத்தியம் பார்ப்பதே பிழைப்பாகிவிடும் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்த நேரம் பார்த்து நம்மவர் தொண்டையைச் செருமுவார்.

“பரவாயில்ல, நானே இருந்துக்கறேன். எனக்கென்ன, நீங்கல்லாம் நல்லா இருந்தா போதும்.”

புதிதாக ஆட வந்தவர்கள் நன்றி சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

நம்மவருக்கு 2003இல் வந்த 3.5 பதிப்புதான் வேதம். அதற்குக் காரணம் இருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, முதல் நிலைக் கிளெரிக்குக்கு ஒரு மந்திரம்கூடக் கிடையாது. வாளும் தொடக்கூடாது, கதாயுதம் மாதிரி கூரில்லாத ஆயுதங்கள் மட்டும்தான். (ரத்தம் சிந்தக்கூடாதாம். கதையால் மண்டையில் போட்டால் ரத்தம் வராது என்று எந்த வைத்தியர் சொன்னாரோ!) சீந்துவாரில்லாத வேலைக்கு ஆள் பிடிக்க வேண்டுமே என்று சலுகைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 3.5க்கு வந்தபோதும் கிளெரிக் எப்போதும்போல முழு இரும்புக் கவசம் போடலாம். தன் நிலைக்குரிய பட்டியலில் எந்த மந்திரத்தை வேண்டுமானாலும் காலையில் பிரார்த்தித்து வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் மந்திரவாதி, பாவம், ஒவ்வொரு மந்திரத்தையும் தேடிப் பிடித்து நோட்டில் எழுதிவைக்க வேண்டும். கவசம் மாட்டினால் மந்திரம் சொதப்பும். அவர் உயிர்ப்புள்ளிக்கு நாலு முகப் பகடை உருட்ட, கிளெரிக் எட்டு முகப் பகடை உருட்டுவார்.

ஆரம்பத்தில் நம்மவர் ஒழுங்காக வைத்தியம்தான் பார்ப்பார். கொஞ்சம் நிலை உயர்ந்ததும் கணக்கு நோட்டு வெளியே வரும். கிளெரிக்குக்குப் பேயோட்டும் சக்தி உண்டு, ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று அளவோடு. 2004இல் வந்த ‘கம்ப்ளீட் டிவைன்’ புத்தகம் அந்தத் தடவைகளை வேறு காரியத்துக்குச் செலவழிக்க வழி செய்தது. உரிய பயிற்சிகளை எடுத்துவைத்து, ஏழு தடவையை விட்டுக்கொடுத்தால், ‘டிவைன் பவர்’ மாதிரி மந்திரம் 24 மணி நேரமும் நிற்கும். பத்தாம் நிலையில் அது சாதாரணமாக ஒரே ஒரு நிமிடம்தான் நிற்க வேண்டியது. அதைப் போட்டுக்கொண்ட கிளெரிக், போர்வீரனுக்குச் சமமாக அடிப்பார்.

ஏழு தடவைக்கு எங்கே போவது? அதே ஆண்டு வந்த ‘லிப்ரிஸ் மார்ட்டிஸ்’ புத்தகத்தில் நைட்ஸ்டிக் என்றொரு தடி இருக்கிறது. கையில் வைத்திருந்தாலே நாலு தடவை கூடும். நம்மவர் அதைப் பொங்கல் கரும்பு மாதிரி கட்டாக வாங்கிவிடுவார்.

“ஒண்ணுக்குத்தான் கணக்கு” என்பார் ஆட்டத்தை நடத்துகிற டிஎம்.

“அப்படின்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?”

பீட்சா ஆறிப்போகும் வரை வழக்கு நடக்கும். தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அரக்கன் வருவான். போர்வீரனாக ஆடுகிற பையன் பகடையைக் கையில் எடுப்பதற்குள் அரக்கன் கீழே கிடப்பான். நம்மவர் பரிவோடு திரும்பிக் கேட்பார்: “தம்பி, அடி ஏதும் படலையே? பட்டா சொல்லு, பாத்துக்கலாம்.” இந்த விசாரிப்புதான் அந்தப் பையனுக்குப் பட்ட ஒரே அடி.

இவரையும், காட்டில் திரிகிற இவருடைய பங்காளி ட்ரூயிடையும் சேர்த்து, காட்ஸில்லாவை நினைத்து ‘கோட்ஸில்லா’ என்று ஆட்டக்காரர்கள் பட்டம் கட்டிவிட்டார்கள். இவர் அதைப் பாராட்டு என்றே நம்புகிறார்.

டிஎம் கையில் ஒரு கடைசி ஆயுதம் உண்டு. சாமி விதித்த நெறியைக் கிளெரிக் பெரிதாக மீறினால் மந்திரமெல்லாம் பறிபோகும் என்று விதியே இருக்கிறது.

“இப்படியே போனா உங்க சாமிக்குக் கோபம் வரும்.”

“எந்தச் சாமிக்கு?”

அங்கேதான் சூட்சுமம். சாமியே இல்லாமல் ஒரு தத்துவத்தை மட்டும் பிடித்துக்கொண்டும் கிளெரிக்காகலாம் என்று 3.5 விதிநூல் அனுமதிக்கிறது. “நான் கும்பிடறது யோகத்தையும் பயணத்தையும். அதுங்களுக்கெல்லாம் கோபம் வருமா?” என்று கேட்டுவிட்டு நம்மவர் சாந்தமாகச் சிரிப்பார். நாத்திகத்தால் இவ்வளவு லாபம் பார்த்த பூசாரி வேறெங்கும் கிடையாது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இவருக்குக் கடிவாளம் போடப் பார்த்தது. கவனத்தை ஊன்றி நிறுத்த வேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் என்றார்கள். என்னைக் கேட்டால், அதைவிட நல்ல மருந்து ‘ஹீலிங் வேர்டு’தான். ஒரு சொல்லில் கூட்டாளியை எழுப்பிவிட்டு, அதே சுற்றில் தானும் ஒரு போடு போடலாம். வைத்தியம் பார்க்கிறவருக்கும் ஆட்டத்தில் பங்கு கிடைத்தால் வஞ்சம் தீர்க்கத் தோன்றாது. ஆனால் கை சும்மா இருக்குமா? 2020இல் ‘ட்வைலைட்’ கிளெரிக்கைக் கொண்டுவந்து, அருகில் நிற்கிற கூட்டாளிகளுக்கெல்லாம் சுற்றுக்குச் சுற்று தற்காலிக உயிர்ப்புள்ளியை வாரி வழங்கினார்கள். 2024இல் ‘ஸ்பிரிச்சுவல் வெப்பன்’ மந்திரத்துக்கும் கவனம் வேண்டும் என்று பிடியை இறுக்கினார்கள். கூட்டுவதும் குறைப்பதுமாக ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

இன்னமும் 3.5 நடத்துகிற டிஎம்களுக்கு ஒரு வார்த்தை: நைட்ஸ்டிக் ஆளுக்கு ஒன்று என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கும்பிடுகிற சாமியின் பெயரையும் அவர் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். பென்சிலில் வேண்டாம், பேனாவில்.