வாசலில் நிற்றல்: ஊடல் நாயகி குறித்து மேல்கோட்டைச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஜப்பானிய அனிமேக்களில் ஒரு வகை உண்டு. நாயகன் ஒருவன், அவனைச் சுற்றி நாலைந்து பெண்கள். அவர்களில் ஒருத்தி கட்டாயம் முறைப்பாள். அவன் வாயில் வேறொருத்தியின் பெயரைக் கேட்டாலே அவள் முகம் சிவக்கும். விடிய எழுந்து சமைத்த டப்பாவை நீட்டி, "உனக்காக ஒன்றும் செய்யவில்லை, மிச்சமாகிவிட்டது" என்பாள். இவளை ட்சுன்டெரே என்பர்; நம் வழக்கில் ஊடல் நாயகி. 1987இல் ருமிகோ தகாஹாஷி தொடங்கிய 'ரன்மா ½' கதையின் அகானே இக்குலத்து மூத்தோரில் ஒருத்தி.

இவளைப் பற்றிப் பேசுவோர் ஒரு வினாவைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த நாயகனிடம் அப்படி என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் படிப்பு சுமார், தோற்றம் சுமார், சாமர்த்தியம் அறவே இல்லை. இதற்கு விடை கர்நாடகத்து மேல்கோட்டையில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. இலக்கணம்

முன்னோர் ஆய்வுகளில் தலையாயது திருக்குறளின் 132ஆம் அதிகாரம், புலவி நுணுக்கம். அங்கே நாயகன் தும்முகிறான். எவள் நினைத்ததால் தும்மினாய் என்று நாயகி அழுகிறாள். அடுத்த முறை தும்மலை அடக்குகிறான். எவள் நினைப்பதை மறைக்கிறாய் என்று அழுகிறாள். எவரையும் விட உன்மேல் காதல் என்கிறான். அந்த 'எவர்' யார் என்கிறாள். இவற்றால் பெறப்படும் விதி: போட்டிக்காரி நேரில் இருக்க வேண்டியதில்லை, தும்மலே போதும்.

3. மேல்கோட்டைச் சான்றுகள்

தலவரலாற்றின்படி, இராமானுசர் தேடிச் சென்ற உற்சவமூர்த்தி டெல்லி சுல்தான் மகளின் அறையில் விளையாட்டுப் பொம்மையாக இருந்தார். "செல்வப்பிள்ளாய், வா" என்று அழைத்ததும், தானே நடந்துவந்து மடியில் ஏறி அமர்ந்துகொண்டார். பிரிவைத் தாங்காத இளவரசி பின்தொடர்ந்து வந்தாள். இன்று பீபி நாச்சியாராக மேல்கோட்டையில் அவர் திருவடியில் இருக்கிறாள். ஊடுவதற்கு இவளைவிட அதிக நியாயம் உள்ளவர் யார்? ஆயினும் அவள் ஊடியதாகக் கதையில் ஒரு சொல் இல்லை.

இரண்டாம் சான்று, 1905இல் இவ்வூரில் பிறந்த கன்னடக் கவிஞர் பு.தி. நரசிம்மாச்சார். அவரது 'கோகுல நிர்கமன', கண்ணன் கோகுலத்தை விட்டுப் போவதைப் பாடும் இசைநாடகம். கோபியர் பலர், நாயகன் ஒருவன். அனிமேவுக்குத் தேவையான ஆள்கட்டு முழுமையாக இருக்கிறது. இருந்தும் பொருள் ஏக்கம்தான். என்னை? இரு கதைகளிலும் நாயகன் கிளம்பிவிடுகிறான். போகிறவன் முதுகைப் பார்த்து யாராலும் ஊட முடியாது.

4. எதிர்ச்சான்று: திருவரங்கம்

பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி காண்கிறார். மூன்று நாள் கழித்து, உத்திரத்தன்று, ரங்கநாயகித் தாயார் சன்னிதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. இதற்கு மட்டையடி என்று பெயர். வாழைமட்டையடியும் விழும், பூப்பந்தும் பறக்கும். இருதரப்பு வாதங்களும் ஊரறிய வாசிக்கப்படுகின்றன. நம்மாழ்வார் சமரசம் பேசிய பிறகே கதவு திறக்கிறது. உலகளந்தவர் இத்தனைக்கும் செய்தது ஒன்றே: அங்கேயே நின்றார்.

5. திரைச்சான்று

மேல்கோட்டையில் 1948இல் பிறந்த ஜெயலலிதாவின் பாத்திரங்களை வைத்து, ஊடல் அவ்வூர் மண்ணிலேயே விளைகிறது என்று வாதிடுவோர் எழக்கூடும். 'ஸ்ரீகிருஷ்ண சத்யா'வில் (1971) சத்யபாமா. 'பட்டிக்காடா பட்டணமா'வில் (1972) லண்டன் திரும்பிய கர்வக்காரி. 'அடிமைப்பெண்'ணில் (1969) ஜீவாவும் அவரே, பொறாமைப்படும் பவளவல்லியும் அவரே. போட்டிக்கு வெளியாள் தேடும் செலவு தயாரிப்பாளருக்கு மிச்சம். ஆனால் மண்தான் காரணம் என்றால் பீபி நாச்சியாரும் ஊடியிருக்க வேண்டும். இப்படங்களில் எதிரே நின்றவர்கள் என்.டி.ராமராவ், சிவாஜி, எம்.ஜி.ஆர். மூவரும் முகம் முழுக்கத் திரையை நிரப்பி நிற்பவர்கள். சொல்லாமல் நழுவுகிறவர்கள் அல்லர். ஆகவே காரணம் ஊர் அன்று, நிற்கும் ஆள்.

6. மறுப்பும் விடையும்

"அப்படியானால் பீபி நாச்சியார் தோற்றவளா?" என்று கடாவுவார்க்கு விடை: அற்றன்று. ஊடியவளுக்கு உத்திரத்தன்று ஒருநாள் சேர்த்தி. பின்தொடர்ந்தவளுக்கு என்றும் திருவடி. எது பெரிது என்று கேட்டால் ஆய்வாளன் மாட்டிக்கொள்வான். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒரு கதவு சாத்தப்படும்.

7. முடிவுகள்

அ) அனிமே நாயகனுக்குத் தகுதி இல்லை என்பது தவறு. அவன் நகர்வதில்லை. அடி வாங்குகிறான், குழம்புகிறான், மறுநாள் அதே வகுப்பில் அதே ஜன்னலோர இருக்கையில் கிடைக்கிறான். கோபப்பட வசதியான ஆள்.

ஆ) ஊடுகிறவள் தன் பிடிவாதத்தை நம்பித் தாழிடுவதில்லை. அவன் போகமாட்டான் என்ற கணக்கில் தாழிடுகிறாள். அந்தக் கணக்குக்குத்தான் காதல் என்று பெயர்.

இ) நடைமுறைப் பரிந்துரை: கதவு சாத்தப்பட்ட நாயகன் சாக்குச் சொல்லலாம், சமரசத்துக்குப் பெரியவர் எவரையும் அழைக்கலாம். இடத்தை விட்டு மட்டும் நகரக்கூடாது. தும்மல் வந்தால் தும்மிவிடுவதே உசிதம்; அடக்கினாலும் அதே தண்டனைதான்.