பேயும் பேனாவும்

ஸ்டீபன் கிங் நாவல்களில் உங்களுக்குப் பிடித்தது எது? இல்லை, பயந்துபோய் ஒன்றையும் தொட்டதே இல்லையா?

'மிசரி' (1987). பேயே கிடையாது. விபத்தில் கால் உடைந்த எழுத்தாளரை வீட்டில் அடைத்துவைத்து, கதையில் செத்துப்போன நாயகியைப் பிழைக்கவைத்து எழுதச் சொல்கிறாள் ஒரு தீவிர வாசகி. அறையைவிட்டு நகர்ந்தால் கோடரி! அதிருக்கட்டும், கேள்வியில் உங்கள் ஊரைக் குறிப்பிடவில்லையே, ரொம்பப் பக்கமோ?

ஸ்டீபன் கிங்கையே நடுங்கவைத்த அவரது நாவல் உண்டா?

'பெட் செமட்டரி'. இறந்த குழந்தையை ஒரு தகப்பன் திரும்ப எழுப்பும் கதை. எழுதிவிட்டு, 'இது ரொம்ப அதிகம்' என்று இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். பழைய பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு புத்தகம் பாக்கி இருந்ததால், 1983-இல் வெளியே வந்தது. பேய்க்கு டிமிக்கி கொடுக்கலாம், வக்கீலுக்கு?