இடப்பக்கக் குதிரைக்காரர்

அமெரிக்காவின் நடுத்தர ஊர் எதிலும் இவரைப் பார்க்கலாம். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். தாடி இருக்கும். பகலில் ஏதோ ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்ப்பார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போட்ட மேசையில் உட்கார்ந்து, ஊதா நிறக் குதிரைக்குட்டி வரைவார். யாராவது பார்த்துவிட்டால், "சும்மா, பொண்ணுக்காக" என்பார். பொண்ணு அந்தக் கார்ட்டூனை மறந்து, கால்பந்துக்குப் போய், அதிலும் அலுத்துப்போயிருப்பாள்.

கார்ட்டூனின் பெயர் 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்'. ஹாஸ்ப்ரோ கம்பெனி 1980களிலிருந்து சிறுமிகளுக்கு விற்றுவந்த பிளாஸ்டிக் குதிரைகளை வைத்து, லாரன் ஃபாஸ்ட் என்பவர் புதிதாக உருவாக்கிய தொடர். 2010 அக்டோபர் 10 அன்று ஹப் என்ற சேனலில் ஆரம்பமானது. பொம்மைக்குத் தலை சீவிவிடும் வயசுக் குழந்தைகள் பார்ப்பார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டது. பார்த்தார்கள். கூடவே கல்லூரிப் பையன்களும் பட்டாளத்துக்காரர்களும் கணக்கெழுதும் தாடிக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தங்களுக்குப் 'பிரோனி' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். 2019இல் பால்டிமோரில் நடந்த கடைசி பிரோனிகான் மாநாட்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இவர்களில் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. பொம்மை வாங்கி அடுக்குகிறவர்கள் உண்டு. பாட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. நம்ம ஆள் இந்த மூன்று கட்சியிலும் சேர்த்தியில்லை. 'இதை நாமே வரைந்தால் என்ன' என்று ஒரு ராத்திரி தோன்றிய பாவத்துக்குப் பென்சில் எடுத்தவர்.

குற்றம் முழுக்க அவர்மேல் இல்லை. அந்தப் போனிகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பெரிய தலை, துளியூண்டு மூக்கு, ராஜ்மாப் பயறு மாதிரி உடம்பு, கீழே போகப் போக அகலும் கால். பெரும்பாலான போனிகளுக்குக் குளம்பைக்கூடப் பிரித்துக் காட்டவில்லை. ஃபிளாஷ் மென்பொருளில் உறுப்பு உறுப்பாக வரைந்து வைத்து, வேண்டியபோது எடுத்துப் பொருத்திக்கொள்ளத் தோதாக அமைத்த உருவங்கள். கோடு மிகக் குறைவு. ஆனால் கோடு குறைந்த படத்தில்தான் மானம் போகும். தப்பாக விழுந்த கோட்டை ஒளித்துவைக்கப் பக்கத்தில் வேறு கோடு இருக்காது. இது அவருக்குப் புரிவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்துபோயிற்று.

தலைக்கு ஒரு வட்டம், மூக்குக்கு ஒரு சின்ன வட்டம், இரண்டையும் சேர்த்து நெற்றி வளைவை இழுத்தால் போனி வர வேண்டும். வந்தது வேறு. டிரையரில் காலுறை தேட இறங்கிவந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நாய்க்குட்டியா?"

"போனிம்மா. ரெயின்போ டேஷ்."

"அப்ப ஏன் நாக்கு தொங்குது?"

"அது முன்னங்கால்."

மகள் ஒன்றும் சொல்லாமல் ஒற்றைக் காலுறையோடு மாடியேறிவிட்டாள். வளர்ந்த பிள்ளை.

கண் விஷயத்தில் மனுஷர் கெட்டிக்காரர். அதாவது, முதல் கண்ணில். மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் நிறம், பெரிய ஒளிப்பொட்டு ஒன்று, அதற்குக் கீழே சின்னது ஒன்று, ஓரத்தில் இமைமுடி என்று மூச்சைப் பிடித்து வரைந்து முடித்தால் அசல் தோற்றுவிடும். அப்புறம் இரண்டாவது கண் இருக்கிறதே! முகம் முக்கால் பங்கு திரும்பியிருக்கும்போது தூரத்துக் கண் ஒடுங்கி, மூக்கு வளைவுக்குப் பின்னால் கொஞ்சம் மறைய வேண்டும். கஷ்டப்பட்டு வரைந்த கண்ணை ஒடுக்க யாருக்கு மனசு வரும்? அதே அளவில் இன்னொன்றை வைப்பார். ஒரு கண் வாசலைப் பார்க்கும், மற்றது உத்தரத்தைப் பார்க்கும்.

இதற்கும் ஒரு சமாளிப்பு கைவசம் இருக்கிறது. தொடரின் முதல் அத்தியாயத்தில், கூட்டத்தின் நடுவே நின்ற சாம்பல் நிறப் போனி ஒன்றுக்குக் கண்கள் ஆளுக்கொரு திசையில் இருந்தன. ரசிகர்கள் கண்டுபிடித்து, டெர்ப்பி என்று பெயர் சூட்டிக் கொண்டாடிய கொண்டாட்டத்தில், தயாரித்தவர்களும் அதே கண்ணோடு அவளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். போதாதா? கண் கோணிப்போன குதிரை எதுவானாலும் சாம்பல் வண்ணம் அடித்து, மஞ்சள் முடி வைத்து டெர்ப்பியாக்கிவிடுவார். அவருடைய நோட்டைப் புரட்டினால் தொடரின் கதாநாயகியே டெர்ப்பிதான் என்று தோன்றும்.

எல்லாம் வந்தாலும் பின்னங்கால் வராது. குதிரையின் பின்னங்காலில் நடுவே பின்னோக்கி மடங்கும் மூட்டை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம். அது குதிகால். முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. குதிரை நிற்பது ஒற்றை விரல் நுனியில். இதை ஒரு புத்தகத்தில் படித்த ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனைவியை எழுப்பிச் சொன்னார். "காலையில் சொல்லு" என்று அவள் புரண்டு படுத்தாள். காலையிலும் சொன்னார்.

தெரிந்தது கைக்கு இறங்க வேண்டுமே. மூன்று கால் தரையில் நிற்கும், நாலாவது வேறெங்கோ புறப்பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அவருடைய குதிரைகள் புல்வெளியைவிட்டு நகர்வதில்லை. புல் குதிகால் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். புல் அலுத்தால் பனி, பனி அலுத்தால் மேகம். ரெயின்போ டேஷ் மேகத்தில் நிற்பது நியாயம். அந்த உலகத்துச் சட்டப்படி சிறகுள்ள குதிரைகளுக்குத்தான் மேகம் தாங்கும். ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஆப்பிள்ஜாக் அங்கே என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

காலைக் குறை சொன்னால் சரித்திரத்தை எடுத்து விடுவார். 1821இல் ஜெரிக்கோ என்ற பிரெஞ்சு ஓவியர் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தார். அதில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் போகின்றன. படம் பாரிஸில் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. 1878இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தபோதுதான், நாலு காலும் தரையைவிட்டு எழும்புவது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும் நேரத்தில் என்று தெரியவந்தது. "ஜெரிக்கோவுக்கே வராத கால்" என்று முடிப்பார். சும்மா நிற்கிற குதிரையை ஜெரிக்கோ எவ்வளவு அழகாக வரைவார் என்ற பேச்சை எடுக்கமாட்டார்.

ஒரு கட்டத்தில் குற்றவாளி பென்சில்தான் என்று தீர்ப்பாகும். ஜப்பானிய மெக்கானிக்கல் பென்சில் வரும். கோபிக் மார்க்கர் வரும். அதன் ஆல்கஹால் மை தாளைத் துளைத்து அடுத்த பக்கத்துக் குதிரைக்கும் நிறமேற்றும். பிறகு கம்ப்யூட்டரோடு இணைக்கும் வரைபலகை வரும். கை கீழே வரைய, கோடு எதிரே திரையில் விழும். அது பழகியபின் காகிதத்தில் தப்பு விழுந்தால்கூட, இடது கை மேசைமேல் தானாகக் கன்ட்ரோல்-இசட் தட்டும்.

2013 பிப்ரவரியில் ஓர் இடி விழுந்தது. அதுவரை கொம்பு மட்டும் வைத்திருந்த ட்வைலைட் ஸ்பார்க்கிளுக்குத் தொடரில் சிறகு முளைத்துவிட்டது. கதை கெட்டுப்போச்சு என்று ரசிகர்கள் குதித்தார்கள். இவர் துக்கம் வேறு. சிறகு வரைந்து அலுத்துப்போய்த்தான் ட்வைலைட்டுக்கு மாறியிருந்தார்.

இவ்வளவு கிண்டல் பண்ணியபிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனுஷர் எதையும் கிழித்துப் போடுவதில்லை. நாக்கு தொங்கும் குதிரைக்கும் தேதி போட்டுப் பத்திரப்படுத்துகிறார். ஆபீஸ் மீட்டிங்கிலும் கை ஓயாது. வரவுசெலவு அறிக்கையின் ஓரத்தில் ஆப்பிள்ஜாக்கின் தொடையில் இருக்கும் மூன்று ஆப்பிள்களை வரைந்துகொண்டிருந்தபோது, மேலதிகாரி என்னவென்று கேட்டார். "மூணாவது காலாண்டு" என்றார் இவர். அதிகாரி தலையாட்டினார்.

கோடைகாலத்துக் கவுன்ட்டி சந்தையில் நிஜக் குதிரைகளைக் கட்டியிருப்பார்கள். கடைசியில் அங்கே போய், ஒரு குதிரைக்கு நேர் பின்னால் நின்று நோட்டை விரித்தார். குதிரைக்காரர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து அப்பால் இழுத்தார். "பின்னால நிக்காதே. உதைச்சா எலும்பு மிஞ்சாது." பக்கவாட்டில் நின்று மத்தியானம் முழுக்க வரைந்தார். குதிரை ஒரு காலைத் தளர்த்தி, பாரத்தை மற்றதற்கு மாற்றி, மறுபடி மாற்றிக்கொண்டு நின்றது. அன்று அவர் வரைந்த போனியின் பின்னங்கால்தான் அவர் கையிலிருந்து வந்ததில் உடம்பைத் தாங்கிய முதல் கால். புல் தேவைப்படவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் போட்டார்.

இப்போது மாநாடுகளில் மேசை போட்டு, கேட்பவர்களுக்கு வரைந்து கொடுக்கிறார். நன்றாகவே வரைகிறார். காசும் வருகிறது. ஒரே ஒரு குறை. வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம்தான் சுலபமாக வரும். இத்தனை காலமும் சுலபமானதையே வரைந்து தேர்ந்தவர் இவர். வலப்பக்கம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இடப்பக்கமாக வரைந்து புரட்டிப்போடுவார். காகிதத்தில் கேட்டுவிட்டால், அந்த இடப்பக்கப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் பின்புறமாகத் திருப்பி ஒட்டி, மேலே புதுத்தாள் வைத்து நகலெடுப்பார். மாநாட்டு மண்டபத்தில் ஜன்னல் கிடையாது.

அவரை எங்காவது பார்த்தால் தயங்காமல் ஒரு படம் கேளுங்கள். குதிரை இடப்பக்கம் பார்க்கட்டும். வலப்பக்கம்தான் வேண்டுமென்றால் முன்பணம் கொடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள்.