சொக் அப்சோபர்ச் சுவடி: திரியாய்ப் பிரதியின் பாடமும் உரையும்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாய்க்கு ஆய்வாளர்கள் வருவது புதிதல்ல. ஊரை அடுத்த குன்றில் கிரிகண்ட சைத்தியம் இருக்கிறது. அங்கே பாறையொன்றில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. திரபுசக, வல்லிக என்ற வணிகர் இருவரின் பெயர் அதில் வருகிறது. தொல்லியலாளர் பரணவிதான அதைப் படித்துப் பதிப்பித்தார். கல்லை யார் எப்படி வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து வயற்காணியின் எல்லை நகரக்கூடிய ஊர் என்பதால், இங்கே வாசிப்பு என்பது பொழுதுபோக்கல்ல. ஆனால் அதே ஊரில், அந்தக் கல்வெட்டைவிடக் கடினமான இன்னொரு பிரதி எந்த அறிஞர் கண்ணிலும் படாமல் கிடந்தது. கொரொல்லா 110 ஒன்றுக்கு வாங்கிய சொக் அப்சோபர் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த தாள் அது. அதைப் பதிப்பித்து உரை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காலப் பின்னணி. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த வாகனம் எதையும் யாரும் சாக விடவில்லை. நாடு முழுவதும் ‘110’ என்றே அறியப்படும் கொரொல்லா, தொண்ணூறுகளில் ஜப்பானியத் தார்வீதிக்காகப் பிறந்தது. அது இன்று உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, குச்சவெளி என்று கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே ஓடி, பிறகு திரியாயின் வயல்பாதையில் நெல் மூட்டையோடு இறங்குகிறது. கரையோர வீதி இப்போது குறைசொல்ல முடியாதது. சொக்கைக் கொல்வது வீட்டுக்குப் போகும் அந்தக் கடைசித் துண்டுதான். கடற்காற்றின் உப்பு தன் பங்குக்கு போல்ட்டைத் துருவேற்றி, கழட்டவும் விடாது.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் சாமான்கள் மூவகை. ஒரிஜினல் என்பது விலை கேட்பதற்கு மட்டும். ரீகண்டிஷன் என்பது ஜப்பானில் ஒருமுறை வாழ்ந்து முடித்து வந்தது. அது எந்தத் தாளையும் கொண்டுவராது, அனுபவத்தை மட்டும் கொண்டுவரும். மூன்றாவது, வாகனம் செய்த கம்பனியல்லாத வேறொரு கம்பனி புதிதாகச் செய்து விற்பது. தாள் வருவது இதோடு மட்டுமே. ஆகவே சுவடியியல் மூன்றாம் வகைக்கே உரியது. நம் பெட்டியில் முன்பக்கத்துச் சொக் இரண்டு, ஸ்பிரிங் இரண்டு, மேலே வரும் மவுண்ட்டும் ஸ்பிரிங் இருக்கையும், லோவர் ஆம் புஷ், நட் போல்ட்டுகள், வாஷர் ஒன்று. வாஷர் ஒன்றுதானா என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

தாளில் எழுத்தும் உண்டு, படமும் உண்டு. எழுத்து ஏறத்தாழ முழுவதும் எச்சரிக்கை. தகுதி பெற்றவரைக் கொண்டே பூட்டுக, தவறினால் நாம் பொறுப்பல்ல என்பதை அது பல மொழிகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தமிழும் சிங்களமும் அந்தப் பல மொழிகளில் அடங்கவில்லை. எப்படிப் பூட்டுவது என்பதோ முழுக்க முழுக்கப் படத்தில். எழுத்து வழக்கறிஞருக்காகவும் படம் வேலை செய்பவருக்காகவும் அமைந்தன என்று இதிலிருந்து துணியலாம். இதில் ஒரு சிக்கல்: வேலை செய்பவர் தாளைப் பார்ப்பதில்லை, பார்ப்பவர் வேலை செய்வதில்லை. திரியாயில் தாளைப் பிரித்துப் பார்த்தவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த, வாகனச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற மாஸ்டரின் மச்சான். வேலை செய்தவர் கராஜ் பாஸ். இவ்விருவரையுமே இக்கட்டுரை உரையாசிரியர்களாகக் கொள்கிறது.

பவணந்தியார் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று வகுத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் சொக் அப்சோபர் இல்லாதபோதும் அவர் இந்தத் தாளைக் கண்டுதான் எழுதினாரோ என்று ஐயுற இடமிருக்கிறது. பழைய சொக்கை எப்படிக் கழட்டுவது என்பதே இல்லை: குன்றக் கூறல். கையுறை போடும் படம் மட்டும் ஒவ்வொரு வரிசையிலும்: கூறியது கூறல். ஒரு பக்கச் சொக்கின் படத்தில் வாஷர் நட்டுக்குக் கீழே, மறுபக்கச் சொக்கின் படத்தில் வாஷரே இல்லை: மாறுகொளக் கூறல். இறுக்கும் அளவு 500 என்று இருக்கிறது, எதில் 500 என்று இல்லை. ஜப்பானியப் பழைய கணக்கில் கிலோகிராம் விசை சென்றிமீற்றர் என்றால் அது 49 நியூட்டன் மீற்றர்; ஒரு நடுத்தர மனிதரின் கைக்கு எட்டுவது. நேராக 500 நியூட்டன் மீற்றர் என்று எடுத்தால் போல்ட்டின் கழுத்து அறும். இது மயங்க வைத்தல். கடைசிப் படத்தில் ஒரு மனிதர் புன்னகையோடு பெருவிரலை உயர்த்தி நிற்கிறார். நின்று பயனின்மை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த உரையிலும் கிடைக்காது.

ஆனால் குற்றம் மட்டும் சொல்லிப் போவது ஆய்வாகாது. அதே நன்னூல் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று உய்த்துணர வைப்பு. வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவர் தாமே ஆராய்ந்து அறியும்படி வைப்பது. தாளின் நான்காம் படத்தையும் ஏழாம் படத்தையும் இதற்காகவே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் லோவர் ஆம் போல்ட்டின் படங்கள். நான்காம் படத்தில் ஸ்பனர் இருக்கிறது, எண் இல்லை. ஏழாம் படத்தில் அதே ஸ்பனர், எண்ணும் உண்டு. ஆனால் வாகனம் நிலத்தில் நிற்கிறது. இடையில் ஒரு சொல் கூட இல்லை.

மச்சான் நான்காம் படத்தோடு நிறுத்திக்கொண்டு, ஜக்கில் தொங்கிய நிலையிலேயே போல்ட்டை முழுப்பலத்தோடு இறுக்கப் போனார். தாளின் பக்கமே திரும்பாத பாஸ் அப்போது சொன்னார்: “தம்பி, இப்ப இறுக்காதேங்கோ. வாகனம் கால் ஊண்டட்டும்.”

இந்த ஒற்றை வரி ஏழாம் படத்தின் முழு உரை. புஷ் என்பது நடுவே இரும்புக் குழல், வெளியே இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையே ஒட்டிப் பிடித்த ரப்பர். போல்ட் உள்குழலை இறுகப் பிடித்துவிட்டால் அது அசையாது. ஆம் மேலும் கீழும் போகும்போது முறுக்கேறுவது ரப்பர் மட்டுமே. சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனத்தை இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். நின்ற இடத்திலேயே முறுக்கு, பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுக்கு. வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய புஷ் சில மாதத்தில் கிழியும். வாகனத்தின் முழுப்பாரமும் சில்லில் இறங்கிய பின் இறுக்கினால், ஓடும் நிலையில் ரப்பர் முறுக்கில்லாமல் இருக்கும். தாளை எழுதியவருக்கு இது தெரியும், படமும் போட்டிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்ததை எழுதுவானேன் என்று நினைத்த இடமே தெரியாதவர் விழும் குழி. பாஸ் இதை எங்கே கற்றார் என்று கேட்டதற்கு, கிழிந்த புஷ்ஷிலிருந்து என்றார்.

விளங்காமல் எழுதும் இந்த மரபு இன்றைய தொழிற்சாலைகளின் கண்டுபிடிப்பு என்று பழி போடுவதும் தவறு. ஸ்பிரிங் பற்றி வந்த முதல் வழிகாட்டியே விளங்காதபடி எழுதப்பட்டதுதான். ரொபர்ட் ஹூக் 1676இல் தன் ஸ்பிரிங் விதியை வெளியிட்டபோது, பதினான்கு லத்தீன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்தார்; அவ்வளவுதான். விடையை 1678இல்தான் அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. தன் கண்டுபிடிப்பை வேறெவரும் உரிமை கொண்டாடக் கூடாது என்ற காரணமாவது ஹூக்குக்கு இருந்தது.

அந்த விதி உயிரோடு விளையாடும் இடம் சொக்கின் நடு நட். முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் சொக்கும் ஒரே தண்டில் கூட்டுக்குடித்தனம் நடத்தும் இந்த அமைப்பு அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மக்ஃபர்சனின் யோசனை. 1950ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் ஃபோர்ட் கொன்சலும் செஃபியரும் இதோடு வந்தன. அப்புறம் சின்ன வாகனம் என்றாலே இதுதான். ஒரு மில்லிமீற்றருக்கு 20 நியூட்டன் கொள்ளும் ஸ்பிரிங்கை 100 மில்லிமீற்றர் அமுக்கி வைத்தால் 2,000 நியூட்டன். ஏறத்தாழ 200 கிலோ பாரம், நெல் மூட்டைக் கணக்கில் மூன்று. ஸ்பிரிங் கொம்பிரசர் மாட்டாமல் நடு நட்டைக் கழட்டினால் அந்த மூன்று மூட்டையும் கழட்டுபவரின் தாடைக்குத்தான். தாள் இதை மட்டும் ஐயமற உணர்த்துகிறது: ஒரு தலை, அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பிழையற்ற பாடம் தாளில் இது ஒன்றே என்பதால் பதிப்பாசிரியர் நன்றியோடு குறித்துக்கொள்கிறார்.

அடுத்தது வலமா இடமா என்ற பழைய சர்ச்சை. முன் சொக் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. பிறேக் குழாயைப் பிடிக்கும் தட்டு ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். தாள் ஒன்றை ‘ஓட்டுபவர் பக்கம்’ என்றும் மற்றதைப் ‘பயணி பக்கம்’ என்றும் சொல்கிறது. கனடாவில் ஓட்டுபவர் இருப்பது இடப்பக்கம். மச்சான் தயங்காமல் அதை இடப்பக்கம் கொண்டுபோனார்.

“அண்ணை, தாளில தெளிவா இருக்கு, டிரைவர் பக்கமெண்டு.”

“எந்த ஊர் டிரைவர் தம்பி?”

தாள் அச்சான நாட்டு டிரைவரா, வாங்கிய நாட்டு டிரைவரா என்ற இந்த வினாவுக்குப் பிரதியில் அகச்சான்று கிடையாது. புறச்சான்றுதான் முடிவு செய்தது: பிறேக் குழாய் எட்டவில்லை. பதிப்புத் துறைக்கு இது பெரும்பேறு. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதோ, திருகோணமலை தந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை ஏட்டோடு போராடியபோதோ, தவறான பாடத்தைப் பூட்ட முயன்றால் எட்டாமல் நின்று காட்டும் பிறேக் குழாய் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

வாஷரை விரைவாகத் தீர்த்துவிடலாம். இரு பக்கத்துக்கு ஒரே வாஷர். பாடபேதம் வந்தால் கடினமான பாடமே மூலத்துக்கு நெருங்கியது என்பது சுவடியியலின் பொது விதி. அதன்படி ஒரு பக்கம் வாஷரோடும் மறுபக்கம் வாஷரில்லாமலும் பூட்டுவதே மூல ஆசிரியர் கருத்து. ஓட்டுபவர் பக்கம் பாரம் கூட, ஆகவே வாஷர் அங்கே என்றார் மச்சான். பாஸ் தன் தகர டப்பாவைக் கவிழ்த்து அதே அளவில் இன்னொன்றைத் தேடியெடுத்து இரு பக்கமும் போட்டார். இது பிரதித் திருத்தம்; நேர்மையான பதிப்பாசிரியர் அடைப்புக்குறிக்குள் காட்ட வேண்டியது.

மிகக் கடினமான இடம் மவுண்ட்டுக்குக் கீழே வரும் ஸ்பிரிங் மேலிருக்கை. அதில் ஓர் அம்புக்குறி உண்டு. தாளிலும் அம்புக்குறி உண்டு. அது வாகனத்தின் முன்பக்கத்தைக் காட்டுகிறதா, வெளிப்பக்கத்தையா என்று சொல்ல வாகனத்தின் மீதிப் பாகம் படத்தில் இல்லை. வெளிப்பக்கம் என்பது பாஸின் கட்சி. இருக்கை சரிவாக அமைந்தது, சரிவின் திசை தப்பினால் ஸ்பிரிங் நேராக உட்காராது என்பது அவர் தந்த ஏது. மச்சானோ இரண்டாம் படத்தின் அம்புக்குறியை ஏழாம் படத்து வாகனத்தின் மூக்கோடு சேர்த்து முன்பக்கம் என்று பொருள் கொண்டார். எட்ட நிற்கும் சொற்களைத் தேடிக் கொண்டுவந்து மாட்டிப் பொருள் காணும் நச்சினார்க்கினியர் முறை இது. நச்சினார்க்கினியருக்கு இருந்த புலமை இருந்தால் இம்முறை சில இடங்களில் பலிக்கும்.

இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு என்று நூலுக்குரிய மதம் ஏழில் ஒன்று உண்டு. இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிந்து ஏற்க வேண்டும். திரியாயில் இரண்டையும் ஏற்றார்கள். இடப்பக்கம் பாஸின் கையால் வெளிப்பக்கம் பார்த்து முடிந்தது. வலப்பக்கத்து வேலை நடந்த மாலை பாஸ் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். அம்புக்குறி முன்பக்கம் பார்த்தது.

வாகனம் ஓடியது. மேடு பள்ளத்தில் முன்பைவிட இதமாகவே ஓடியது. சொக்கின் மேல் பழி சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வலப்பக்கம் டங் என்று ஒரு சத்தம், நேர்வீதியில் ஒரு பக்க இழுவை. இனி வீல் எலைன்மென்ட் செய்யாமல் ஓடக் கூடாது என்று மாஸ்டர் திருகோணமலை நகரத்துக்கு அதைக் கொண்டுபோனார். அங்கிருந்த இளைஞர் இயந்திரத்தை மாட்டுவதற்கு முன்பே குனிந்து, முன்சில்லு இரண்டுக்கும் உட்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “ஆர் மாஸ்டர் இதைப் பூட்டினது?” என்று கேட்டார். இடப்பக்கத்து அம்புக்குறியையும் வலப்பக்கத்து அம்புக்குறியையும் விரலால் தொட்டுக் காட்டினார். வலப்பக்கத்தை மறுபடி கழட்டி, கொம்பிரசர் போட்டு, இருக்கையைத் திருப்பிப் பூட்டி, அதற்குப் பிறகுதான் எலைன்மென்ட் என்றார்.

அன்றிரவு இரு உரையாசிரியர்களும் மாஸ்டர் வீட்டு முற்றத்தில் தாளை விரித்து மறுபடி வாதிட்டார்கள். அம்புக்குறி வெளிப்பக்கத்தைத்தான் குறித்தது என்று மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. தாள் இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம் என்பது வரை வந்தார். தாளே தேவையில்லை என்பதிலிருந்து பாஸ் இறங்கவில்லை. மீண்டும் கழட்டிப் பூட்டும் கூலியை யார் கொடுப்பது என்ற ஒன்றில் மட்டும் இரு மரபுக்கும் முழு உடன்பாடு: மாஸ்டர்.